போஒர் கிழவோன் பழையன்

1. தோற்றுவாய்

சங்க காலத்துப் போர்கள் பெரும்பாலும் வேந்தர் பெயராலேயே நமக்கு அறிமுகமாகியுள்ளன. வென்றவனும் வேந்தன், தோற்றவனும் வேந்தன். களத்தில் வேந்தன் பட்டால் புலவர் கையறுநிலை பாடுவர். சேரனும் சோழனும் ஒரு களத்திலேயே பொருது வீழ்ந்தபோது கழாத்தலையாரும் பரணரும் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் 62, 63 என்னும் எண்களில் நிற்கின்றன. வேந்தன் பொருட்டுப் படை நடத்திச் சென்று களத்திலேயே மாண்ட தலைவர் பலராக இருந்திருத்தல் வேண்டும். அவர்களுள் பெயர், ஊர், வினை, இறப்பு ஆகிய நான்கும் ஒருங்கே தெரியவருபவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவன் சோழர்க்குப் படைத்தலைவனாக இருந்த போஒர் கிழவோன் பழையன்.

புறநானூற்றில் இவனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பாட்டு ஒன்றும் இல்லை. இவனைக் குறித்த செய்திகள் அகநானூற்றில் 44, 186, 326-ஆம் பாட்டுகளிலும் நற்றிணையில் 10-ஆம் பாட்டிலும் உள்ளன. நான்கும் அகப்பாட்டுகள். நான்கிலும் பழையன் உவமையாகவோ உவமைக்கு அடையாகவோ வருகின்றான். ஐந்திணைக் காதலில் ஒருவரையும் பெயர் சுட்டிக் கூறுதல் கூடாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் வகுத்த வரம்பு. ஆதலின் வரலாற்று மாந்தர் அகப்பாட்டினுள் உவமை வழியாகவே புகுதல் இயலும். பழையனும் அவ்வழியே புகுந்தான்.

வரலாறு எழுதுவோர் இவ்வுவமைகளிலிருந்து ஊர்ப்பெயரையும் போர்ப்பெயரையும் பிரித்தெடுத்துக்கொண்டு, உவமை எங்கே, யார் வாயில், எதன் பொருட்டு நின்றது என்பதை விட்டுவிடுதல் வழக்கமாயிற்று. நெல்லைக் குற்றி உமியை ஒதுக்குவது போன்ற செயல் இது. ஆனால் உவமை நின்ற இடம் உமியன்று. பழையன் எப்போது எங்கே இறந்தான் என்பதை மட்டும் அறிய விரும்புவார்க்கு ஒரு தொடர் போதும். அவன் வாழ்வையும் இறப்பையும் அக்காலத்தார் எவ்வாறு மதித்தனர் என்பதை அறிய விரும்புவார்க்கு நான்கு பாட்டுகளும் முழுமையாக வேண்டும். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பழையன் எனப் பெயரிய பிறர்

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். பழையன் என்ற பெயர் சங்க நூல்களில் ஒருவனுக்கு மட்டும் உரியதன்று. மோகூர்ப் பழையன் ஒருவன் உளன். இவனது காவல் மரமாகிய வேம்பைச் செங்குட்டுவன் வெட்டிய செய்தியைப் பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்துக் கூறும். சிலப்பதிகாரமும் இதனைச் சுட்டும். மதுரைக்காஞ்சியும் மோகூர் அவையத்தைக் குறிக்கும். அகநானூற்று 346-ஆம் பாட்டில் பழையன் மாறன் என்பான் ஒருவன் வருகின்றான். கூடல் நகரில் பெரும்படையொடு வந்து தங்கிய கிள்ளிவளவனைப் பொருது அவனுடைய குதிரைகளையும் களிறுகளையும் கவர்ந்தவன் இவன்.

மோகூரான் வேம்பைக் காவல் மரமாகக் கொண்டவன். மாறன் சோழனை எதிர்த்து நின்றவன். நம் பழையனோ சோழர் மறவன் என்று அகநானூற்று 326-ஆம் பாட்டில் வெளிப்படையாகக் கூறப்படுபவன். அவனூர் காவிரியைச் சார்ந்த போஒர். ஆதலின் இவன் அவ்விருவரின் வேறாதல் தெளிவு.

இவ்வேறுபாட்டிற்கு அகச்சான்று ஒன்றும் உண்டு. செங்குட்டுவனைப் பாடி மோகூர்ப் பழையனைக் குறித்தவர் பரணர். போஒர்ப் பழையனைக் குறித்த நான்கு பாட்டுகளுள் 186, 326 ஆகிய இரண்டும் அதே பரணர் பாடியவை. அவ்விரண்டிலும் அவர் போஒரைக் கூறியதோடு அமையாது காவிரியையும் சேர்த்தே கூறுகின்றார். நற்றிணைப் பாட்டிலோ காவிரி இல்லை; அகநானூற்று 44-இல் ஊரே இல்லை. ஒரே பெயருடைய இருவரைப் பாடிய புலவர் ஒருவர், கேட்போர் மயங்காதவாறு ஆற்றின் பெயரை இருமுறையும் உடன் வைத்தார் எனக் கொள்ளுதல் பொருந்தும். ஊர் வருணனை என்று நாம் எளிதாகக் கடந்துவிடும் அடை இங்கே ஒருவனை இன்னான் என்று அடையாளம் காட்டும் பணியைச் செய்கின்றது.

3. கிழவோனும் மறவனும்

பழையனைப் படைத்தலைவன் என்று நாம் கூறுகின்றோம். பாட்டுகள் அச்சொல்லை ஆளவில்லை. அவை ஆளும் சொற்கள் இரண்டு: ஒன்று கிழவோன், மற்றொன்று மறவன். போஒருக்கு அவன் கிழவோன். சோழர்க்கு அவன் மறவன். முன்னது உரிமையைக் குறிப்பது. பின்னது வினையைக் குறிப்பது. இருசொல்லும் அகநானூற்று 326-ஆம் பாட்டில் ஒருங்கே வருதல் நோக்கத்தக்கது. தன் ஊரில் தலைவனாகவும் வேந்தன் படையில் வினைசெய்வோனாகவும் இருந்த இருநிலை அவனுடையது.

அவ்வூரின் வளத்தைப் பரணர் இரண்டு செய்திகளால் காட்டுகின்றார். ஓடக்கோலால் ஆழம் அளந்தறிய இயலாத காவிரி அங்கே ஓடுகின்றது. மதகுகளில் நீர் நிறைந்து பாய்கின்றது. இத்தகைய ஊருக்கு உரியவன் வறுமை காரணமாகவோ வேறு பிழைப்பின்மையாலோ படைத்தொழிலை மேற்கொண்டவன் அல்லன். 186-ஆம் பாட்டு அவன் படையைக் காட்டுகின்றது. அங்கே அம்புகள் மாரியாகவும் தோல் எனப்படும் கேடகங்கள் மழைமுகிலாகவும் கூறப்படுகின்றன. வில்லோரும் கேடகத்தோரும் நிறைந்த படையை அவன் நடத்தினான் என்பது இதனால் பெறப்படும். நற்றிணை அவனுக்கு வெண்கோட்டு யானையையும் தருகின்றது. சோழர் கொங்கரைப் பணியவைக்கும் பொருட்டு அவன் வேல் வினைசெய்தது என்பதையும் கூறுகின்றது.

186-ஆம் பாட்டில் பேசுபவள் காதற்பரத்தை. தலைவனால் தனக்கும் மனைவிக்கும் பகை மூண்டது என்று ஊரார் கூற, அதனை மறுக்கின்றாள். போஒரைப் போன்ற தன் செறிந்த வளைகளை உடைத்துக்கொள்ளத் தனக்குக் காரணம் இல்லை என்கின்றாள். மனைவிக்குத் தான் பகையல்லள். கூடினாரைப் பசலை பாயவிட்டு நீங்கும் கணவனே அவளோடு உடனுறையும் பகை என்று முடிக்கின்றாள். வில்லும் கேடகமும் சூழ்ந்து காக்கும் ஊர், உடையாத வளைக்கு உவமையாயிற்று. காவலுடைய ஊருக்கும் காவலற்ற இல்லறத்துக்கும் இடையே உள்ள முரணைப் பரணர் விளக்காமலே வைத்துச் செல்கின்றார். பகை மதிற்புறத்திருந்து வருவதாயின் பழையன் போன்றான் ஒருவன் தடுப்பான். உடனுறையும் பகையைத் தடுப்பார் யார்?

4. பிழையா வேல்

பழையனைப் பற்றிய உவமைகளுள் மிகுதியும் பேசப்படுவது அவன் வேல். அகநானூறு 326-இலும் நற்றிணை 10-இலும் அவ்வேல் பிழையாமையே பொதுத்தன்மையாக அமைகின்றது. ஆயினும் இருபாட்டும் அப்பண்பை எதிரெதிர்த் திசைகளில் செலுத்துகின்றன.

326-ஆம் பாட்டு மருதத்திணையைச் சார்ந்தது. தலைவன் நலம் பாராட்டிய இளையவள் ஒருத்தியின் அழகைத் தோழி எடுத்துரைக்கின்றாள். அவள் கண் தன்னை நோக்கியவர்பால் பழையன் ஓச்சிய வேல்போல் தவறாது சென்று தைக்கும் என்கின்றாள். புகழ்ச்சி போன்று தொடங்கிய கூற்று இடித்துரையாக முடிகின்றது. அக்கண்ணுக்குத் தப்பாதவருள் தலைவனும் ஒருவன் என்பது அதன் உட்கோள். இங்கே பிழையாமை என்பது காயப்படுத்தும் திறன்.

நற்றிணைப் பாட்டின் நிலை வேறு. இதன் ஆசிரியர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. உடன்போக்கில் தோழி தலைவியைத் தலைவன் கையில் ஒப்படைக்கின்றாள். இளமை தளர்ந்தாலும் கூந்தல் நரைத்தாலும் இவளைக் கைவிடாதே என்று வேண்டுகின்றாள். அவளுக்குச் சான்றாக உள்ளது தலைவனின் சொல் ஒன்றே. பெற்றோர் அறியார், ஊரார் அறியார், கரணம் நிகழவில்லை. அந்தச் சொல்லை நம்பி ஒரு பெண் வீட்டை நீங்குகின்றாள். அச்சொல்லுக்கு உவமையாகத் தோழி எடுத்துக்கொண்டது கொங்கர்ப் போரில் தவறாது வாய்த்த பழையன் வேலை.

வாய்த்தல் என்ற வினை ஈண்டு நுணுகி நோக்கற்குரியது. வேல் வாய்த்தல் குறி தப்பாமை. சொல் வாய்த்தல் உண்மையாதல். வாய்மை என்னும் பெயரும் இச்சொல்லோடு உறவுடையது. எனவே வேலையும் சொல்லையும் இணைத்தது புறத்தோற்றத்தின் ஒப்புமை அன்று, செயலின் ஒப்புமை. எறிந்த வேல் தன் இலக்கை அடைந்தே தீர்வதுபோலச் சொன்ன சொல் தன் பொருளை அடைந்தே தீரவேண்டும். அகவாழ்வில் மிக நுண்ணியதோர் உறுதிமொழிக்குப் படைத்தலைவன் ஒருவன் அளவுகோலாக நிற்கின்றான். வேந்தனின் கொடையையோ வெற்றியையோ தோழி இங்கே உவமையாகக் கொள்ளவில்லை. வேந்தன் ஏவ, அவ்வினையைத் தவறாது செய்து முடித்தவனையே கொண்டாள். தலைவனும் ஒரு கடமையை ஏற்றுக்கொள்பவனாக நிற்கும் இடமாதலின் இவ்வுவமை பொருத்தமுடையதாயிற்று.

ஈண்டு ஒரு வினா எழக்கூடும். கொங்கர் பக்கத்தில் நின்று நோக்கினால் அவ்வேலின் பிழையாமை எத்தகையது? தோழி அதனை எண்ணவில்லை. உவமை எப்போதும் ஒரு பக்கத்தில் நின்றே பேசும். பழையனைப் போற்றும் நான்கு பாட்டுகளும் சோழர் சார்பில் நின்றவை என்பதை ஆராய்வோர் மறத்தலாகாது. அவன் கடமை தவறாதவன் என்று இவற்றால் நிறுவலாம். அவன் நடத்திய போர் அறப்போர் என்று இவற்றால் நிறுவுதல் இயலாது.

5. கட்டூரில் பட்டது

பழையன் இறப்பைக் கூறுவது குடவாயிற் கீரத்தனார் பாடிய அகநானூற்று 44-ஆம் பாட்டு. நன்னன், அத்தி, கங்கன், கட்டி, புன்றுறை முதலியோர் ஒன்றுகூடியிருந்த கட்டூரில் பழையன் பொருது பட்டான். அதனைப் பொறாத பெரும்பூண் சென்னி கணையனை அகப்படுத்திக் கழுமலத்தைக் கைக்கொண்டான். செய்தி இவ்வளவே. ஏற்றை என்னும் சொல்லைத் தனிப்பெயராகக் கொள்வார்க்குப் பகைத்தலைவர் அறுவர். நன்னனுக்கு அடையாகக் கொள்வார்க்கு ஐவர். இவர்களைச் சேரன் படைத்தலைவர் என எழுதுவாரும் உளர். பாட்டில் அக்குறிப்பு இல்லை. ஒருவனை எதிர்த்துப் பலர் கூடினர் என்பதே பாட்டு வற்புறுத்தும் செய்தி.

கட்டூர் என்பதை ஊர்ப்பெயராகக் கொண்டு கட்டூர்ப் போர் எனப் பலரும் எழுதிவருகின்றனர். இஃது ஆராயத்தக்கது. கட்டூர் என்பது பாசறையைக் குறிக்கும் பொதுச்சொல்லாகச் சங்க நூல்களில் வழங்குகின்றது. புறநானூற்று 295-ஆம் பாட்டில் ஒளவையார் கடல் பொங்கியது போன்ற கட்டூர் என்று பாசறையையே கூறுகின்றார். கீரத்தனாரும் பகைவர் கூடிய, அளத்தற்கரிய கட்டூர் என்கின்றார். அளவிடற்கரிய பரப்பு, பலர் படையும் ஒருங்கு தங்கிய பாசறைக்கு நன்கு பொருந்தும். கூடிய என்ற எச்சமும் பகைவர் அங்கு வந்து கூடியதால் அவ்விடம் கட்டூராயிற்று எனக் கொள்ள இடந்தருகின்றது. இவ்வாறு கொண்டால் பழையன் இறப்பின் தன்மையே மாறிவிடும். ஏதோ ஓர் ஊரில் நிகழ்ந்த போரில் அவன் இறந்தான் அல்லன். பகைவர் பலர் திரண்டிருந்த பாசறையின்மேலேயே சென்று பொருது இறந்தான்.

இனி, இறப்பைக் கூறும் தொடரின் இலக்கணத்தை நோக்குவோம். பருந்துகள் வந்து படியுமாறு போர் செய்து பழையன் பட்டான் என்பது பொருள். பண்ணி என்பது செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம். இவ்வெச்சம் தன் வினைமுதல் வினையைக் கொண்டே முடியும் என்பது தொல்காப்பியர் விதி. ஆகவே பருந்து படியச் செய்தவனும் பழையனே, பட்டவனும் பழையனே. வீழ்வதற்கு முன் பகைவர் பலரை வீழ்த்தினான் என்பது இலக்கணத்தாலேயே பெறப்படுகின்றது. அவன் வேல் இறுதி வரையிலும் பிழைக்கவில்லை. வேலுடையான் மாய்ந்தான்; வேலின் மெய்ம்மை மாயவில்லை. நற்றிணைத் தோழியின் உவமையை இச்செய்தியோடு சேர்த்துப் படிக்கும்போது அது வலுக்குறையாமல் வலுப்பெறுகின்றது. அவள் தலைவனிடம் வேண்டியது சாவாமையை அன்று, கைவிடாமையை.

பட்டென என்பது செய்தென என்னும் வாய்பாட்டு எச்சம். காரணப் பொருளில் நின்று பிறவினைமுதலின் வினையையும் கொள்ளவல்லது. அது சென்னியின் செயலோடு முடிகின்றது. பழையன் இறப்பு முற்றுவினையாகக் கூறப்படவில்லை. வேந்தன் செயலுக்கு ஏதுவாக எச்சத்திலேயே நிற்கின்றது. சென்னியின் செயலும் எச்சமே எனினும் அது பெயரெச்சமாகி அவன் பெயரையே சென்று தழுவுகின்றது. படைத்தலைவன் சாவு வேந்தனின் வெற்றியில் சென்று கரைகின்ற நிலையை இத்தொடரமைப்பே காட்டிவிடுகின்றது.

ஆயினும் இரண்டிற்கும் இடையே கீரத்தனார் ஒரு சொல் வைத்தார். அது நோனான் என்பது. வேந்தன் பொறானாயினான். பழையனுக்கு இரங்கிய இரங்கல் என நமக்குக் கிடைப்பது இவ்வொரு சொல்லே. அவன் தாய், மனைவி, மக்கள், ஊரார் ஆகியோரைப் பற்றிய குறிப்பு இல்லை. முற்கூறிய புறநானூற்று 295-ஆம் பாட்டில் கட்டூரின் நடுவே சிதைந்து வீழ்ந்த வீரனுக்குப் பெயர் இல்லை. ஆனால் அவன் சிறப்புக் கண்டு முலை சுரந்த தாய் உண்டு. பழையனுக்குப் பெயர் உண்டு, தாய் இல்லை. சோழியஏனாதி திருக்கிள்ளி என்னும் படைத்தலைவனின் வடுப்பட்ட உடம்பைக் கண்ணுக்கு இன்னாது, செவிக்கு இனிது என்ற கருத்தில் பாடிய 167-ஆம் புறப்பாட்டும் நம்மிடம் உண்டு. பழையன் உடம்பை அவ்வாறு நோக்கிய புலவர் பாட்டும் நமக்கு எய்தவில்லை.

6. மீண்டவனும் மீளாதவனும்

இவ்விறப்புச் செய்தி எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதே இறுதியாகக் காணவேண்டுவது. 44-ஆம் பாட்டு முல்லைத்திணைப் பாட்டு. வினைமுற்றி மீளும் தலைவன் தேர்ப்பாகனிடம் கூறுவது. வேந்தன் வந்த வினையை முடித்துவிட்டான். பகைவர் திறை தந்து உறவினராகிவிட்டனர். முரண்பட்டு நின்ற இருபடையும் ஒன்றாயின என்று முரசு அறைந்துவிட்டது. இனித் தேரை முந்தச் செலுத்துக என்கின்றான்.

வேந்தனை வேறாகக் கூறுதலின், பேசும் தலைவன் வேந்தன் அல்லன். வேந்தன் ஏவலால் போர்மேற் சென்றவன். அவனும் ஒரு படைத்தலைவனாதல் பொருந்தும். அப்படியாயின் இப்பாட்டில் இரண்டு படைத்தலைவர் உளர். ஒருவன் பெயரிலான், உயிரோடு மனைவியிடம் மீள்கின்றான். மற்றவன் பெயருடையான், மீளவில்லை. ஒருவன் போர் திறையிலும் உறவிலும் முடிந்தது; மற்றவன் போர் சாவிலும் பழிவாங்கலிலும் முடிந்தது. மீள்பவன் வாயிலேயே மீளாதவன் பெயரை வைத்தது கீரத்தனாரின் பாட்டமைதி.

மேலும் அப்பெயர் எவ்வழியில் வருகின்றது என்பதையும் காணவேண்டும். தலைவன் தன் மனைவியைக் குடவாயில் போன்றவள் என்கின்றான். பழைய நெல் நிறைந்து, பல குடிகள் வாழ்ந்து, யானை படியும் குளமும் பசிய காவற்காடும் கொண்டு குளிர்ந்து கிடப்பது அவ்வூர். அவ்வளத்துக்குச் சென்னியின் அழும்பில் உவமை. சென்னிக்குக் கழுமல வெற்றி அடை. அவ்வெற்றிக்குப் பழையன் இறப்பு ஏது. உவமைத்தொடர் இறப்பில் தொடங்கி இனிய துயிலில் முடிகின்றது. உவமையைப் பின்னிருந்து அவிழ்த்துச் சென்றால் குளிர்ந்த ஊருக்கும் அமைதியான இல்லத்துக்கும் அடியில் ஒரு படைத்தலைவன் சாவு கிடப்பது புலனாகும். இதனை அடைமொழி அடுக்கு என்றோ, புலவரின் வரலாற்றறிவைக் காட்டும் இடைப்பிறவரல் என்றோ கூறுதல் பொருந்தாது. குடவாயில் கீரத்தனார்க்குச் சொந்த ஊர். தம் ஊரின் அமைதியைப் பாடும் இடத்தில், அவ்வமைதி யார் கொடுத்த விலை என்பதை அவர் நினைவுகூர்ந்தார் எனக் கொள்ளுதலே நேரிது.

கழுமலப் போரைப் பற்றிப் பொய்கையார் பாடிய களவழி நாற்பது என்னும் தனிநூலே உளது. அதன் தலைவன் செங்கணான். அப்போரும் சென்னியின் கழுமலப் போரும் ஒன்றெனக் கூறுவாரும் வேறெனக் கூறுவாரும் உளர். கணையன் என்ற பெயரைக் கணைக்கால் இரும்பொறையோடு இணைப்பதும் இத்தகைய ஊகமே. இம்முடிச்சை அவிழ்த்தல் நம் பொருளுக்கு இன்றியமையாததன்று. வேந்தன் வெற்றிக்கு ஒரு நூல் வாய்த்தது. படைத்தலைவன் இறப்புக்கு ஒரு தொடர் வாய்த்தது என்னும் வேற்றுமையை உணர்ந்தால் போதும்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: போஒர் கிழவோன் பழையன், மோகூர்ப் பழையனின் வேறானவன், பழையன் மாறனின் வேறானவன். காவிரிக்கரை ஊர் ஒன்றுக்கு உரியவனாகவும் சோழர்க்கு வினைசெய்யும் மறவனாகவும் இருந்தான். கொங்கரைப் பணியவைக்கும் வினையில் அவன் வேல் தவறாது வாய்த்தது. பகைவர் பலர் கூடிய பாசறையில் பலரை வீழ்த்தித் தானும் வீழ்ந்தான். அவன் பொருட்டு அவன் வேந்தன் போர்மேற் சென்றான்.

இவற்றினும் மேலாக நாம் அறிவது ஒன்று உண்டு. புறப்பாட்டுப் பெறாத இவன் அகப்பாட்டில் வாழ்கின்றான். காதலன் சொல்லின் உறுதிக்கும், இளையவள் கண்ணின் கூர்மைக்கும், உடையாத வளைக்கும், மனைவியின் குளிர்ந்த அணைப்புக்கும் அவனோ அவனூரோ அவன் இறப்போ உவமை வழியாகத் துணைநிற்கின்றன. எச்சம் என்ற சொல்லை இலக்கணத்தார் முற்றுப்பெறாத வினைக்கு வழங்குவர். வள்ளுவர் ஒருவர் மறைந்தபின் எஞ்சி நிற்பதற்கு வழங்கினார். பழையன் வாழ்வு இலக்கணத்தில் எச்சமாக நின்றது. இலக்கியத்திலும் எச்சமாக நின்றது. சங்கப் பாட்டுகளில் உவமையாக மட்டும் வந்து மறையும் இத்தகைய தலைவர் இன்னும் பலர் உளர். அவர்தம் பெயர்களை அகராதி வரிசையில் தொகுப்பதோடு அமையாது, அவர் நின்ற பாட்டின் திணையும் துறையும் கூற்றும் தழுவி ஆராய்தல் இளம் ஆய்வாளர் கடனாகும்.